பாதி அட்டை மாத்திரை

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. கவரைப் பார்த்ததும் பயந்துவிடாதே, எல்லோரும் சுகம். போன் இருக்கும்போது பேப்பரில் எழுதி உன்னைச் சிரமப்படுத்துவதற்கு முதலில் மன்னித்துக்கொள். என் கையெழுத்து எறும்பு மை குடித்துவிட்டு நடந்த மாதிரி இருக்கும் என்று நீ சொல்வாயே, அதனால் இந்தத் தடவை கொஞ்சம் பெரிதாகவே எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன் அறையில் ஆறு கட்டில், ஆறு பேர். இங்கே அம்மாவுக்குக் கம்பெனித் தையல் மெஷின் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதால் ஸ்பீக்கரில் போடாமல் பேச விடுவதில்லை. ஸ்பீக்கரில் போட்டால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பூட்டு அத்தை பதில் சொல்கிறாள். பூட்டு மாமா பூட்டு ரிப்பேர் கடையைச் சாத்திவிட்டு வந்த நேரமாக இருந்தால் அவரும் சேர்ந்துகொள்கிறார். அது மட்டுமில்லை, நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க யார் யாருடைய சிறுநீரையோ வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறவள்தான். வீட்டுக்கு வந்தால் அந்தச் சொல்லைச் சொல்ல நாக்கு எழாது. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன்.

உன்னோடு வேலை பார்க்கும் உயரக்காரியின் அண்ணி நாளைக் காலையில் அங்கே கிளம்புகிறாள். அவளிடம் கொடுத்தனுப்ப அம்மா பார்சல் கட்டிவிட்டாள். தைத்த நைட்டி இரண்டு, தலைக்கு எண்ணெய், நீ கேட்ட ஊக்கு. நைட்டி மடிப்புக்குள் இந்தக் கவரை நான் செருகியிருக்கிறேன். இது அம்மாவுக்குத் தெரியாது.

நேற்று நீ ஒரு கேள்வி கேட்டாய். உன்னோடு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற ஒருத்திக்கு நீர்க்கடுப்பு, கையில் பழைய மாத்திரை இருக்கிறது, அவளுக்கு இது மூன்றாவது மாதம், சாப்பிடலாமா என்று. நான், "வேண்டாம்க்கா, அதைத் தொட வேண்டாம்னு சொல்லு, மத்ததை எழுதறேன்" என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "ஏன், எப்பவும் சாப்பிடறதுதானே, டாக்டரம்மா" என்றாய். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அவ அப்படித்தான் சொல்றா" என்றாய். அதற்குள் யாரோ உன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராகப் பதிலுக்குப் போக எனக்கு வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். பொறுமையாகப் படி.

முதலில் உன்னிடம் மறைத்த ஒரு விஷயம். மூன்று வாரம் முன்பு அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஏழு நாள். இப்போது நன்றாக இருக்கிறாள். எனக்குப் பின்னால் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டு, பீன்ஸ் விற்றவனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். "பெரியவகிட்ட மூச்சு விடாதே, அங்க தனியா உக்காந்து அழுவா" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். சத்தியத்தை மீறுகிறேன். அவளுக்கு வந்தது வேறொன்றுமில்லை. விருந்தாளிதான்.

அந்தச் சொல் நினைவிருக்கிறதா, அக்கா? வராந்தா முனையில் ஐந்து வீட்டுக்கும் ஒரே கக்கூஸ் இருந்த காலம். இப்போது வீட்டுக்காரர் ஒவ்வொரு போர்ஷனுக்கும் உள்ளேயே கட்டிக் கொடுத்துவிட்டார். அந்தப் பழைய அறையில் உடைந்த நாற்காலியும் பெயிண்ட் டப்பாவும் கிடக்கின்றன. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு உன் செருப்புச் சத்தம் கேட்கிறது. காலையில் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவாய். வரிசையில் நமக்கு முன்னால் பூட்டு மாமா நிற்பார். உள்ளே போனால் அவருக்கு நேரம் காலம் தெரியாது. "மாமா, உள்ளேயும் பூட்டு ரிப்பேரா?" என்று நீ வாளியைத் தட்டிக் கேட்டது அன்றைக்கு வராந்தா முழுக்கச் சிரிப்பாகியது. அத்தை மட்டும் ஒரு வாரம் நம்மோடு பேசவில்லை. நான் உள்ளே போனால் நீ வெளியே கதவில் சாய்ந்து நிற்பாய், தாழ்ப்பாள் சரியில்லை என்பதால். பத்து வயது வரை உலகத்தில் எல்லாக் கதவுக்கும் வெளியே ஓர் அக்கா நிற்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு முதல் தடவை அது வந்தபோது பதினைந்து வயது இருக்கும். எனக்கு ஒன்பது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாய். என்ன என்று கேட்டேன். அப்பா அறையில் சவரம் செய்துகொண்டிருந்தார். நீ அவரைப் பார்த்துவிட்டு, "விருந்தாளி வந்திருக்கா" என்றாய். "எங்கே?" "உள்ளே." நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினேன். நீ அந்த வலியிலும் சிரித்தாய். சிரித்தால் இன்னும் எரிகிறது என்று என்னை அடித்தாய். அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். அழைக்காமல் வருவாள், வந்தால் உட்காரவும் விடமாட்டாள், நிற்கவும் விடமாட்டாள், மாத்திரை போட்டால் போவாள். அம்மாவும் அதையே சொல்ல ஆரம்பித்தாள். அப்பா கடைசி வரை, நம் வீட்டுப் பெண்களுக்கு ஏதோ ஒரு சிநேகிதி அடிக்கடி வந்து போகிறாள், தன் கண்ணில் மட்டும் படுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார் பாவம்.

அந்தச் சொல்தான் மூன்று வாரம் முன்பு நம்மைக் கவிழ்க்கப் பார்த்தது. அன்று அம்மா வேலையிலிருந்து மத்தியானமே திரும்பிவிட்டாள். குளிர் தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது. பூட்டு அத்தையைக் கூப்பிட்டு, "சின்னவளுக்கு ஒரு போன் போட்டு, விருந்தாளி வந்திருக்கான்னு சொல்லு. அவளுக்குப் புரியும்" என்றிருக்கிறாள். லேபில் எங்கள் போனெல்லாம் லாக்கரில் இருக்கும். அத்தை வரவேற்பு மேஜைக்குப் போன் செய்து, விருந்தாளி என்று ஒற்றையாகச் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தாளோ என்னவோ, "அவங்க வீட்டுக்குச் சொந்தக்காரங்க வந்திருக்காங்களாம், வரும்போது ஏதாவது வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்று நீட்டிவிட்டாள்.

சொந்தக்காரர்கள் என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எதிரில் உட்கார வைத்து, "படிச்சது போதாதா, எப்போ கல்யாணம்?" என்பார்கள். ஒரு கிலோ பிஸ்கட் வாங்கினேன். பஸ் வந்தது, கூட்டம் என்று சொல்லிக்கொண்டு விட்டேன். அடுத்ததையும் விட்டேன். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, கடை கடையாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் பூட்டு அத்தை தன் வீட்டு நாற்காலியையும் கொண்டு வந்து நாலு நாற்காலி வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறாள். "ஆளுங்க எங்கேடி, இன்னும் காணோம்? அம்மா அசதியில படுத்துட்டா, நான்தான் எழுப்பல" என்கிறாள். உள்ளே அம்மா இரண்டு போர்வைக்கு அடியில் பல் கிட்டிக்கொண்டு கிடக்கிறாள். கண்ணைத் திறந்து, "விருந்தாளி வந்து எவ்வளவு நேரமாச்சு, நீ எங்கே சுத்திட்டு வரே?" என்றாள். நெற்றி கொதித்தது. முதுகில் கை வைக்க விடவில்லை. அப்படியென்றால் அது சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்று அர்த்தம், அக்கா. பிஸ்கட் பையை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கு வரை தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் பார்த்தார். ஊசி போடும் முன்பு சிறுநீர் எடுக்க வேண்டும் என்று பாட்டிலைக் கொடுத்தார். நடுங்குகிற அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நான்தான் எடுத்தேன். பிறகு அவர் கேட்கத் தொடங்கினார்.

"இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"வருஷத்துக்கு மூணு நாலு தடவை வரும்ங்க."

"என்ன மாத்திரை சாப்பிடுவீங்க?"

"வெள்ளையா, நீட்டா இருக்கும். கடையில சொன்னா தருவாங்க."

"எத்தனை நாள்?"

"சரியாகற வரைக்கும். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"மிச்சத்தை என்ன பண்ணுவீங்க?"

அம்மா அந்தக் குளிரிலும் நிமிர்ந்தாள். "ஒண்ணுகூட வீணாக்க மாட்டேன் டாக்டர். பெரியவளுக்கு அனுப்பிடுவேன். அவ தூரத்துல இருக்கா, மாப்பிள்ளையும் வாரத்துக்கு ஒரு நாள்தான் வந்து பாக்கறாரு, அங்க யாரு இருக்கா அவளுக்கு?"

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க நம்ம லேப்ல கல்ச்சர் பாக்கறவங்கதானே?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் பாட்டிலின் மூடியை இன்னொரு தடவை இறுக்கினேன். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய், நான் "டெஸ்ட் பண்றதுக்கா" என்று முடித்துவிடுவேன். இப்போது சொல்கிறேன். சிறுநீரில் கம்பி வளையத்தை முக்கி, ஒரு தட்டில் கோடு இழுப்பேன். தட்டில் நீலமும் பச்சையும் கலந்த ஜெல்லி மாதிரி ஒன்று இருக்கும். உடம்புச் சூட்டில் ஓர் இரவு வைத்தால், கிருமி இருந்தால் வளரும். நமக்கு அடிக்கடி வருகிற வகையாக இருந்தால் அந்த நீலம் மஞ்சளாக மாறியிருக்கும். பிறகு அந்தக் கிருமியை எடுத்து இன்னொரு தட்டு முழுக்கப் பூசி, அதன்மேல் பொட்டு மாதிரி சின்னச் சின்ன வட்ட வில்லைகளை வைப்பேன். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து. மறுநாள் பார்த்தால், எந்த மருந்துக்குக் கிருமி பயப்படுகிறதோ அந்த வில்லையைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் தெளிவான வட்டம் விழுந்திருக்கும். ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளப்பேன். பயமே இல்லையென்றால் வில்லையின் விளிம்பு வரை வந்து ஒட்டி முளைத்திருக்கும். அதை நாங்கள், ரெசிஸ்டன்ட் என்பதைச் சுருக்கி, "ஆர் விழுந்திருக்கு" என்போம். அந்த மருந்தைக் கொடுத்துப் பயனில்லை என்று பொருள்.

எங்கள் மேடத்திடம் பழைய நோட்டு ஒன்று இருக்கிறது. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கையால் எழுதியது. அதில் அந்த வெள்ளை நீட்டு மாத்திரைக்கு, லேபில் அதைச் சிப்ரோ என்போம், வட்டம் முப்பது, முப்பத்திரண்டு என்று இருக்கிறது. "அப்பெல்லாம் ஒரு வட்டமும் இன்னொரு வட்டமும் முட்டிக்கும். எங்கே அளக்கறதுன்னு தெரியாது" என்று பழைய வீட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார். நான் சில நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்ப்பேன். நீ பதினைந்து வயதில் சுவரோரம் உட்கார்ந்திருந்த வருஷத்துப் பக்கமும் அதில் இருக்கிறது. அந்த வருஷம் வட்டமெல்லாம் பெரிது பெரிதாக இருந்தது, அக்கா. அன்றைக்கு அந்த மாத்திரை உன்னைக் குணமாக்கியது பொய்யில்லை.

அம்மாவின் தட்டையும் நான்தான் பார்த்தேன். மேடம், "வேணாம், வேற யாராவது பாக்கட்டும்" என்றார். நானே பார்க்கிறேன் என்றேன். சிப்ரோவைச் சுற்றி வட்டமே இல்லை. வில்லைமேல் ஏறாத குறை. முதல் நாள் டாக்டர் ஊகத்தில் போட்ட ஊசி மருந்துக்கும் இல்லை. வட்டம் விழுந்தது மூன்றே மூன்றுக்கு. அதில் ஒன்று மாத்திரை, அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊசி குத்த வேண்டாமே என்று. ஆனால் டாக்டர் அது வேண்டாம் என்றார். அந்த மாத்திரை மூத்திரப்பையில் நன்றாக வேலை செய்யுமாம், சிறுநீரகத்துக்குள் போதுமான அளவு போய்ச் சேராதாம். தட்டில் பெரிய வட்டம் இருந்தாலும் ஆளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார். மிச்சம் இருந்த இரண்டும் ஊசி. அதில் ஒன்றுக்கு மாற்றினார்கள். அடுத்த நாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரியின் ஜாக்கெட் தையல் சரியில்லை என்றாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியது. இதைச் சொல்லத்தான் பேப்பர் எடுத்தேனோ என்று தோன்றுகிறது.

அம்மா அட்டையை வெட்டுவாளே, அது உன் கண்ணில் நிற்கிறதா? பத்து மாத்திரை அட்டை. துணியின் ஓரம் பிரியாமல் இருக்க வைத்திருக்கும் ஜிக்ஜாக் கத்திரியால் நடுவில் வெட்டுவாள். சாதாரணக் கத்திரியால் வெட்டினால் விரலைக் கிழிக்கும் என்பாள். உனக்கு ஐந்து, அவளுக்கு ஐந்து. விருந்தாளி இரண்டு பேரிடமும் ஒரே நேரத்தில் வராத நாளில் மிச்சத்தை ஊசி டப்பாவில் போட்டு வைப்பாள். பல்லுப் பல்லாக ஓரம் வெட்டிய அந்தப் பாதி அட்டையைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எனக்கு மட்டும் ஒன்றும் தருவதில்லையே என்று ஒரு நாள் அழுதிருக்கிறேன். நீ ஒரு பட்டனைக் காகிதத்தில் மடித்து ஓரத்தை ஜிக்ஜாகாக வெட்டி எனக்குக் கொடுத்தாய். அதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

கல்லூரி இரண்டாம் வருஷம் இதைப் பாடமாகப் படித்தேன். ஒரே மருந்தை, டெஸ்ட் இல்லாமல், அரைகுறையாக, திரும்பத் திரும்பச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று. பரீட்சையில் நாலு பக்கம் எழுதினேன். எழுதும்போது எனக்குத் தெரிந்தது அம்மாவின் கத்திரி. அந்த லீவில் வீட்டுக்கு வந்தபோது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். சுற்றி வளைத்து, "தண்ணி நிறையக் குடிக்கணும்மா, அடக்கி வைக்கக் கூடாது" என்று ஆரம்பித்தேன். அம்மா மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "கட்டையை நீ வந்து வாங்கிக் குடு, குடிக்கிறேன்" என்றாள்.

நாற்பது பேருக்கு ஒரே மரக்கட்டை. அது கையில் இருந்தால்தான் சூப்பர்வைசர் கக்கூஸ் போக விடுவார். அதற்குப் பயந்துதானே அவள் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயில் தண்ணீர் படாமல் சட்டைக் காலர் தைக்கிறாள். நான் என்ன சொல்வது? நீ பத்தாவதோடு நின்று வேலைக்குப் போனாய், நான் வெள்ளைக் கோட்டு போட வேண்டும் என்பதற்காக. அம்மா கட்டைக்குக் காத்திருந்தாள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அவளிடமே போய், நீ அன்பாகச் சேர்த்து வைப்பது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாலு வருஷம் ஆகிவிட்டது. உனக்குப் போன கடைசிப் பார்சலில் பாதி அட்டையின் ஐந்து மாத்திரையையும் சோப்பு டப்பாவுக்குள் வைத்து மூடியது நான், அக்கா. தெரிந்தே வைத்தேன். நீ போனில், "நம்ம வீட்டு மருந்து வந்துச்சு, தைரியமா இருக்கு" என்றாய். நான் "சரிக்கா" என்றேன்.

இனி அந்தப் பெண்ணுக்குப் பதில்.

அவளிடம் இருக்கும் மாத்திரையின் பேர் தெரியவில்லை, பேர் இருந்த பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது, ஓரம் பல்லுப் பல்லாக இருக்கிறது என்று நீதான் சொன்னாய். வேறு வீட்டு அம்மாக்களும் மாத்திரை அட்டையை ஜிக்ஜாக் கத்திரியால் வெட்டுவார்களாக இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் நேற்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். போன் வைத்த பிறகு வெகுநேரம் கத்திரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, பார்சலில் வைக்க எடுத்திருந்த இன்னொரு பாதி அட்டையை ஊசி டப்பாவிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டாள். "நீ இதை முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்த மாத்திரை அவளுக்கு இரண்டு விதத்தில் ஆகாது. ஒன்று, கிருமி பழகிப்போயிருந்தால் கேட்காது. எரிச்சல் இரண்டு நாள் குறைந்த மாதிரி இருந்துவிட்டு, உள்ளே ஏறும். அம்மாவுக்கு ஏறியது போல. இரண்டாவது, அந்த வகையை மாசமாக இருப்பவர்களுக்குப் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கொடுக்கக்கூடிய மருந்துகள் வேறு சில இருக்கின்றன. அதில் எது அவளுடைய கிருமிக்குக் கேட்கும் என்பதைத் தட்டு சொல்லும். எது அவளுக்கும் உள்ளே இருப்பதற்கும் ஏற்றது என்பதை டாக்டர் சொல்வார். எத்தனையாவது மாதம் என்பதை வைத்துக்கூட மருந்து மாறும். டாக்டருக்கு இரண்டும் வேண்டும், மாதமும் பாட்டிலும். மாதத்தைச் சொல்லாமல் எரிச்சலை மட்டும் சொன்னால் அவர் வேறு ஒரு பெண்ணுக்கு மருந்து எழுதுவார்.

பாட்டிலில் பிடிக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் உடனே கொடுத்துவிட வேண்டும். வேலை முடியட்டும் என்று தள்ளுவண்டியின் அடித்தட்டில் வைத்திருந்தால் வீணாகிவிடும். மாத்திரை தந்தால் சொன்ன நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். முடிந்த பிறகு இன்னொரு தடவை டெஸ்ட் கேட்பார்கள், அதற்கும் போக வேண்டும். குளிர், முதுகு வலி, வாந்தி வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அவள் எங்கே இருக்கிறாளோ அங்கேயே வேலையைப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

அவள் ஏன் சொல்லாமல் இருக்கிறாள் என்று எனக்குப் புரிகிறது. வயிறு தெரிந்தால் உங்கள் ஹோட்டலில் வேலைச் சீட்டைக் கிழித்து ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். நாளுக்குப் பதினாறு அறையின் பாத்ரூமைக் கழுவிவிட்டு, அதில் ஒன்றில்கூட உள்ளே போய்க் கதவைச் சாத்த அனுமதியில்லாமல், ஆறு மாடி இறங்கி வேலைக்காரர்களுக்கான இடத்துக்குப் போக வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாய். அப்படிப்பட்ட இடத்தில் யாரிடம் போய் என்ன சொல்வாள்? அதோடு, ஒன்று கலைந்து போனவளாக இருந்தால் இரண்டாவது தடவை யாரிடமும் சொல்ல வாய் வராது. நாமும் பார்த்தோமே. போன தடவை இரண்டாம் மாதமே எல்லோரிடமும் சொன்னோம். பூட்டு மாமா தொட்டிலுக்குக் கொக்கி செய்து கொடுத்தார். அம்மா மீந்த காலர்த் துணியில் எட்டுச் சின்னச் சட்டை தைத்தாள். அப்புறம் நீ போன் செய்தாய். அந்த எட்டுச் சட்டையைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. ஆகவே இந்தத் தடவை அவள் யாருக்கும் சொல்ல வேண்டாம். அம்மாவுக்கு வேண்டாம், எனக்கு வேண்டாம், உயரக்காரிக்கு வேண்டாம். டாக்டர் ஒருவருக்குச் சொன்னால் போதும். ஹோட்டல் கிளினிக்கில் பயமாக இருந்தால் ஊருக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். அங்கே டிரைவராக இருக்கும் நம் மாமாவுக்கு, உன் வீட்டுக்காரருக்கு, வாரத்தில் ஒரு நாள்தான் வண்டி ஓட்டாத நாள் என்றாலும், நடந்ததை அவரிடம் சொன்னால் அந்த லீவு நாளுக்குக் காத்திருக்க மாட்டார்.

வேறு செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. அம்மாவுக்கு இன்னும் பத்து நாள் லீவு இருக்கிறது. பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், மணிக்கு ஒரு கோடு தண்ணீர் குடிக்கிறாள், குடிக்கும்போது என்னை முறைக்கிறாள். லேபில் மேடம் ஒரு பேப்பர் தயார் செய்து கொடுத்தார், வேலை செய்யும் இடத்தில் பெண்கள் அடக்கி வைப்பதால் என்ன வருகிறது என்று. அம்மா வேலைக்குத் திரும்பும் நாளில் நானும் கூடப் போய் அதைச் சூப்பர்வைசரிடம் கொடுக்கப் போகிறேன். என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. வியர்க்கும். ஆனாலும் போவேன். பூட்டு அத்தை, "நானும் வரேன், நீ பேப்பரைக் குடு, பேசறது நான் பேசறேன்" என்கிறாள். அவள் பேசினால் என்ன ஆகும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும், அதனால் வேண்டாம் என்றேன்.

அம்மா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். சாப்பிடும் நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னைச் சேர்ந்தது எல்லாம் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டியது, இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த நாளே அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. சீட்டுக் கொடுக்கிற இடத்தில் பேர் கேட்பார்கள்.

உன் பேரைச் சொல், அக்கா.

உன்
சின்னவள்